நடுக்கை

பிப்ரவரி 3: 41
பிப்ரவரி 10: 9
பிப்ரவரி 17: 5
பிப்ரவரி 24: 12
மார்ச் 3: 44
மார்ச் 10: 10
மார்ச் 17: 4
மார்ச் 24: 13
மார்ச் 31: 40
ஏப்ரல் 7: 8
ஏப்ரல் 14: 6
ஏப்ரல் 21: 11
ஏப்ரல் 28: 15
மே 5: 47

இவை ஒரு மருந்துத் தொழிற்சாலையில், அந்தந்த வாரம் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிய பெட்டிகளின் எண்ணிக்கை. சனிக்கிழமை மாலை கூட்டிப் போட்டவை. பெட்டிக்குள் இருமல் மருந்துப் புட்டிகள், இருபத்து நான்கு. வாரத்துக்கு எழுநூற்றுச் சொச்சம் பெட்டிகள் வெளியே போகும். தரப் பிரிவில் உட்கார்ந்து இந்த எண்களை எழுதி வைப்பது என் வேலை. முப்பத்தொரு வருடம் எழுதினேன். இந்தப் பதினான்கு வரிகளைப் போல வேறெதுவும் என்னை வாயடைத்து நிற்க வைத்ததில்லை.

சிவப்புச் சீட்டு ஒட்டலாமா வேண்டாமா என்று தீர்மானித்தது ஒரு பெண்ணின் வலது கை. தொழிற்சாலையில் அந்தக் கைக்கு 'நடுக்கை' என்று பெயர். போகப் போக அதுவே அவருடைய பெயரும் ஆயிற்று. மூத்தவர்களுக்கு அவர் நடுக்கை, இளையவர்களுக்கு நடுக்கையக்கா.

அந்தப் பெயர் வந்த கதை இது. புட்டியின் மூடி ஒழுகாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். ஆனால் காய்ச்சலோடு தனியாகக் கிடக்கிற ஒருவர் துணைக்கு ஆள் இல்லாமல் திறக்கும்படியும் இருக்க வேண்டும். அப்படி என்றால் எவ்வளவு இறுக்கம்? பதினோரு வருடத்துக்கு முன் இருந்த மேனேஜர் ஒரு வழி கண்டுபிடித்தார். பேக்கிங் பிரிவுப் பெண்கள் இருபது பேரை வரிசையாக நிறுத்தி, படிப்படியாக இறுக்கிய புட்டிகளைத் திறக்கச் சொன்னார். மிக வலுவான கையையும் எடுக்கவில்லை, மிக மெலிந்த கையையும் எடுக்கவில்லை. பத்தாவதாக வந்த கையை எடுத்துக்கொண்டார்.

"ஜெயிச்சா ஏதோ பரிசு தரப்போறாங்கன்னு நெனச்சு பல்லைக் கடிச்சுக்கிட்டு திருகினேன் சார்," என்று அவர் சொல்வார். "நடுவுல நின்னதுக்கு வேலை குடுத்தாங்க. பள்ளிக்கூடத்துலயும் நடுவுலதான் நின்னேன். அங்க யாரும் கண்டுக்கல."

ஜன்னலோரம் ஒரு மேசை, கைப்பிடி இல்லாத நாற்காலி. ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு புட்டியை எடுப்பார். இடது கையில் புட்டி, வலது கையில் மூடி, ஒரே திருகு. வெடுக்கென்று இழுக்கக் கூடாது, இரண்டாம் முறை முயலக் கூடாது. திறந்தால் பச்சைச் சீட்டு, திறக்காவிட்டால் சிவப்பு. சிவப்புப் பெட்டிகள் நடைபாதையின் இடது பக்கச் சுவரோரம் அடுக்கப்படும். மறுநாள் அவற்றை மூடி கழற்றித் திரும்பப் போடுவார்கள். அவருடைய தீர்ப்பை யாரும் மாற்ற முடியாது, மேனேஜர்கூட.

வீட்டில் அவர் எந்த மூடியையும் திறக்க மாட்டார். பள்ளி வேன் ஓட்டும் கணவரிடம் பாட்டிலை நீட்டிவிட்டு, "ஆபீஸ் வேலையை வீட்டுல செய்யறதில்ல," என்பார். மாடியில் குடியிருந்த நாத்தனாரும் அதே தொழிற்சாலையில் பேக்கிங் பிரிவில் இருந்தார். "எங்க அண்ணன் கட்டிக்கிட்டது கையை. மீதி ஆளு சும்மா கூட வந்தது," என்று அவர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

டிசம்பரில் ஒழுகல் புகார் ஒன்று வந்தது. மூடிகளை இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லி உத்தரவு. ஜனவரி 16 அன்று மெக்கானிக் மூடி போடும் மிஷினின் இறுக்கத் திருகைக் கால் சுற்று கால் சுற்றாக முடுக்கி, ஒவ்வொரு முறையும் ஒரு புட்டியை நடுக்கையிடம் கொண்டுவந்து கொடுத்தார். அவர் திறந்துகொண்டே வந்தார். கடைசியில் ஒன்றைத் திறந்து, "இதுக்கு மேல வேணாம்ப்பா," என்றார். மெக்கானிக் அந்த இடத்தில் திருகை நிறுத்தி, அது நகராமல் இருக்கப் பெயின்ட் பொட்டு வைத்தார். எங்கள் தொழிற்சாலையில் இது வழக்கமான முறை. வேறு அளவுகோல் எங்களிடம் கிடையாது.

இரண்டு வாரம் கழித்து நடைபாதையில் சிவப்புப் பெட்டிகள் ஆள் உயரத்துக்கு நின்றன. அதற்கு அடுத்த வாரம் முழங்கால் அளவுக்கு இறங்கின. பிறகு இன்னும் இறங்கி, மறுபடி மெல்ல ஏறி, மார்ச் முதல் வாரத்தில் பழையபடி ஆள் உயரம்.

மெக்கானிக் மூடிக்குள் ஒட்டும் அட்டை வட்டத்தின் மேல் பழி போட்டார். அந்த அட்டைச் சுருள் நான்கு வாரத்துக்கு ஒரு முறை திங்கட்கிழமை வரும். வந்த வாரமெல்லாம் சிவப்பு குவிந்தது. "புதுச் சுருள் தடிமனா இருக்கு சார். பழகினதும் அமுங்கிடுது," என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மேனேஜரும் அட்டை அனுப்பியவர்களுக்குக் காட்டமாக எழுதினார்.

ஏப்ரல் 23, திங்கள், புதுச் சுருள் வந்தது. அந்த வாரம் சிவப்பு வெறும் பதினைந்து. அதே சுருள் பழகி அமுங்கியிருக்க வேண்டிய அடுத்த வாரம் நாற்பத்தேழு. அட்டை குற்றமற்றது என்று ஆயிற்று. மிஷின் அதே மிஷின், பெயின்ட் பொட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கை.

மே 9 அன்று நடுக்கைக்குக் கடிதம் வந்தது. ஜூன் முதல் தேதியிலிருந்து பேக்கிங் பிரிவுக்கு மாற்றம். காரணம் ஒரு வரி: 'தீர்ப்பு நிலையாக இல்லை.'

மறுநாள் காலை அவர் அந்தக் கடிதத்தோடு என் அறைக்கு வந்தார். அழவில்லை. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"பேக்கிங்குக்குப் போறது பெரிய விஷயமில்ல சார். அங்கிருந்து வந்தவதானே. ஆனா இந்த வரிக்கு என்ன அர்த்தம்? திறக்கற மூடியைத் திறக்கலைன்னு நான் பொய் சொன்னேன்னுதானே?"

"அப்படி எழுதலையேம்மா."

"எழுதல. எல்லாருக்கும் அப்படித்தான் புரியும். மேனேஜர் சார் மெக்கானிக் கிட்ட கேட்டாராம், வீட்டுல சண்டை போட்டுட்டு வர்ற வாரமான்னு. பதினோரு வருஷம் நான் ஒரு மூடிக்குக்கூடப் பொய் சொன்னதில்ல. அந்த நாற்காலி வேணும் சார் எனக்கு. இல்லேன்னா இந்த வரியாவது போகணும்."

வாரக் கணக்கை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். பேசிக்கொண்டே அதைப் பார்த்தவர் சட்டென்று நிறுத்தினார். நாற்பத்தொன்று, நாற்பத்து நான்கு, நாற்பது, நாற்பத்தேழு என்று ஒவ்வொன்றின் மேலும் விரல் வைத்துக்கொண்டே போனார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில் மேசைமேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சார், தப்பா நினைக்காதீங்க. இந்த நாலும் எனக்கு மாசாமாசம் வர்ற வாரம்."

தாளை நானும் ஒருமுறை பார்த்தேன். "நாலாவது நாலு வாரத்துல வரலையே, அஞ்சு வாரம் ஆயிருக்கே," என்றேன்.

"ஏப்ரல்ல எனக்குக் காய்ச்சல் வந்துச்சு இல்ல? அந்தத் தடவை தள்ளித்தான் வந்துச்சு."

அட்டைச் சுருளை விடுவித்த அதே வாரம். அவர் உடம்பு ஒரு வாரம் தாமதித்தது. நடைபாதையில் இருந்த பெட்டிகளும் ஒரு வாரம் தாமதித்திருந்தன.

சரியான தேதிகள் வேண்டும் என்றேன். "அது எங்க வீட்டுக்காரர் கிட்டதான் இருக்கும்," என்றார். மதிய உணவு நேரத்தில் நாத்தனார் போய் வீட்டுக் காலண்டரைக் கொண்டுவந்தார். வேன் ஓட்டும் அந்த மனிதர் ஒவ்வொரு மாதமும் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு வைத்திருந்தார்.

"எதுக்காம் இது?" என்று கேட்டேன்.

"அந்த ரெண்டு நாள் எங்க அண்ணி கிட்ட வாயைக் குடுக்கக் கூடாது சார். அதுக்குத்தான் அண்ணன் வந்த நாளைக் குறிச்சு வச்சு, அடுத்ததைக் கணக்குப் பண்ணிக்குது," என்றார் நாத்தனார்.

"காலையில டீ போடறதுக்கும்தான். அதையும் சொல்லு," என்றார் நடுக்கை.

ஜனவரி 3, ஜனவரி 30, பிப்ரவரி 27, மார்ச் 27, ஏப்ரல் 30. சிவப்பு குவிந்த நான்கு வாரங்களுக்குள்ளும் ஒவ்வொரு வட்டம் விழுந்தது. முதல் வட்டத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். மெக்கானிக் திருகை நிறுத்திய ஜனவரி 16 பதினான்காவது நாள். சிவப்பு மிகக் குறைந்த வாரங்கள் எல்லாம் அதே பதினான்காம் நாளை ஒட்டியே இருந்தன.

அன்று மதியம் நான் சாப்பிடவில்லை. மிஷின் கூடத்துக்குப் போய் நின்றேன். இரண்டு டன் இரும்பு, நிமிடத்துக்கு நாற்பது மூடி. அதன் இறுக்கத்தை நாங்கள் ஒரு பெண்ணின் மாதத்தில் மிக வலுவான நாளில் வைத்துப் பூட்டிவிட்டு, மீதி நாளெல்லாம் அவர் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். நடைபாதையில் பெட்டிகள் ஏறி இறங்கியது கடல் ஏறி இறங்குவதைப் போல. நாங்கள் அத்தனை பேரும் தினமும் அந்தப் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு நடந்திருக்கிறோம்.

வியாழக்கிழமைதோறும் தொழிற்சாலைக்கு ஒரு டாக்டரம்மா வருவார். அன்று வியாழன். காலண்டரையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பார்த்தார். ஆனால் எங்களைப் போல ஒரேயடியாக நம்பிவிடவில்லை.

"முட்டை வெளிய வர்றதுக்கு முன்னாடி ஒரு ஹார்மோன் ஏறும். தசைக்கு அது கொஞ்சம் பலம் தரலாம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. ஒரு வித்தியாசமும் இல்லன்னு வேற சில ஆராய்ச்சி சொல்லுது. ஆளுக்கு ஆள் மாறும். மாசாமாசம் வர்ற அந்த நாள்ல வலியும் தூக்கமின்மையும் இருக்கலாம். அளந்து பார்க்காம நான் எதுவும் எழுத மாட்டேன்."

"அளங்க," என்றார் நடுக்கை.

டாக்டரம்மாவே மேனேஜரிடம் பேசினார். மே 16 அன்று இரண்டாவது கடிதம் வந்தது: மாற்றம் ஜூலை கடைசி வரை நிறுத்தி வைக்கப்படுகிறது.

மறுநாள் அளக்க ஆரம்பித்தோம். பக்கவாதம் வந்தவர்களின் பிடியைச் சோதிக்கும் ஒரு கருவியை டாக்டரம்மா கொண்டுவந்தார். பிடித்து அழுத்தினால் முள் எத்தனை கிலோ என்று காட்டும். காலை எட்டரைக்கு ஆளுக்கு மூன்று அழுத்தம், அதில் பெரியது கணக்கு. அழுத்துகிறவர் முள்ளைப் பார்க்கக் கூடாது. எழுதுகிறவருக்கு வட்டங்கள் தெரியக் கூடாது என்பதால் காலண்டர் கணவரிடமே போய்விட்டது, கடைசி நாள்வரை காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. நடுக்கையின் கையை மட்டும் அளந்தால் போதாது என்று டாக்டரம்மா சொல்ல, நாத்தனார், மெக்கானிக், மேனேஜர் மூவரும் சேர்க்கப்பட்டார்கள்.

"நான் எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"நிலையான கைன்னா எப்படி இருக்கும்னு நாங்க பார்க்க வேண்டாமா?" என்றார் டாக்டரம்மா.

ஜூலை 12 அன்று முடித்தோம். மறுநாள் மேனேஜர் அறையில் எல்லோரும் கூடினோம். வேனைத் தெருவோரம் நிறுத்திவிட்டுக் கணவர் காலண்டரோடு வந்தார். புது வட்டங்கள் மே 28, ஜூன் 25.

நடுக்கையின் மிகக் குறைந்த அளவு மே 29-இல் இருபத்தேழு கிலோ, ஜூன் 26-இல் மறுபடியும் இருபத்தேழு. மிக அதிகமானது ஜூன் 9-இல் இருபத்தொன்பது, ஜூலை 7-இல் அதைவிட ஒரு கீற்று கூடுதல். முள் பார்க்காமல் அழுத்தி, வட்டம் தெரியாமல் எழுதிய எண்கள் இரண்டு மாதமும் ஒரே பாதையில் ஏறி, ஒரே பாதையில் இறங்கியிருந்தன.

இரண்டே கிலோ. பச்சைக் குழந்தைகூட அதைவிடக் கனம். அந்த இரண்டு கிலோதான் நாற்பது பெட்டிகளைச் சுவரோரம் தள்ளியிருக்கிறது. மூடிகள் எல்லாம் அவர் பலத்தின் விளிம்பில் நின்றதால், கை ஒரு நூல் இறங்கினாலும் பெட்டி சிவப்புப் பக்கம் சாய்ந்தது. டாக்டரம்மா சொல்லித்தான் எனக்கு இது புரிந்தது. இத்தனை சிறிய ஒன்று, இத்தனை ஒழுங்காக, யாரும் கேட்காமலே அந்தக் கைக்குள் மாதாமாதம் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

நாத்தனார் விஷயம் இன்னும் வியப்பு. அதே வீடு, ஏறக்குறைய அதே தேதிகள். அவர் முள் முப்பத்தொன்றில் ஆணி அடித்ததுபோல நின்றது. மாதம் முழுக்க அசைவே இல்லை.

"நான் கல்லு சார்," என்றார் அவர்.

"அது எங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தானே," என்றார் அண்ணன்.

"இதைத்தான் சொன்னேன்," என்றார் டாக்டரம்மா. "இவங்களுக்கு மாறுதுன்னு எல்லாப் பெண்களுக்கும் மாறும்னு யாரும் எழுதிடாதீங்க. ரெண்டு பேருல ஒருத்தருக்கு இருக்கு, ஒருத்தருக்கு இல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அடுத்த தாளைப் படித்தார். இரவு வேலை முடிந்து வந்த காலைகளில் மெக்கானிக்கின் கை ஐந்து கிலோ இறங்கியிருந்தது. மேனேஜரின் கை திங்கட்கிழமைதோறும் மூன்று கிலோ இறங்கியிருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை என்ன பண்றீங்க சார்?" என்று கேட்டார்.

"தூங்கறேன்."

"தூங்கினா கை இறங்குமா?" என்று நாத்தனார் மெக்கானிக்கின் காதில் கேட்டது எல்லோருக்கும் கேட்டது. மேனேஜரே சிரித்துவிட்டார். நல்ல மனிதர்தான். தாளைக் கையில் வாங்கி அவரும் ஒருமுறை முழுக்கப் படித்தார். பிறகு நடுக்கையிடம் சொன்னார்:

"அம்மா, நீங்க பொய் சொல்லல. அதை நான் ஒத்துக்கறேன். அந்த வரியை எடுக்கச் சொல்லி எழுதறேன். நாற்காலியிலயும் நீங்களே இருங்க. அந்த அஞ்சாறு நாள் மட்டும் ஓய்வு எடுத்துக்கங்க, வேற யாரையாவது உட்கார வைக்கலாம். உங்களுக்கும் சௌகரியம்."

கேட்டதற்கு மேலேயே கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். நடுக்கை தலையசைக்கவில்லை.

"அந்த நாள்லயும் நான்தான் உட்காருவேன் சார்."

"எதுக்கும்மா? கை இறங்குதே."

"அதுக்குத்தான் சார். இருமல் மருந்து வாங்கறவ நல்ல நாள் பார்த்தா மூடியைத் திறப்பா? அவளுக்குக் காய்ச்சல் இருக்கும். அவளுக்கும் அந்த வாரமா இருக்கும். என் கை இறங்கற அன்னிக்குத் திறக்கற மூடிதான் அவளுக்குத் திறக்கும். என் நல்ல நாள்ல பூட்டின மிஷினை வச்சுக்கிட்டு என் கையை மாத்தறீங்களே. திருகை மாத்துங்க."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மெல்லக் கேட்டார்:

"தளர்த்தினா ஒழுகுமே அக்கா?"

"ஒழுகினா நான் பேக்கிங்குக்குப் போறேன். யாரும் கடிதம் எழுத வேண்டாம்."

மேனேஜர் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார். அடுத்த வட்டம் விழும்வரை காத்திருந்தோம். ஜூலை 23 அன்று விழுந்தது. மறுநாள் காலை மெக்கானிக் பெயின்ட் பொட்டைச் சுரண்டிவிட்டுத் திருகைத் தளர்த்தினார். கால் சுற்று, ஒரு புட்டி, கால் சுற்று, ஒரு புட்டி. அன்று நடுக்கையின் முகம் வெளுத்திருந்தது, இடுப்பில் ஒரு கை. மூன்றாவது புட்டி ஒரே திருகில் திறந்தது. டிசம்பரில் இருந்ததைவிட இறுக்கம், ஜனவரியில் வைத்ததைவிடத் தளர்வு.

அந்த இறுக்கத்தில் மூடிய இருநூறு புட்டிகளை என் அறையில் வெள்ளைத் தாள் விரித்துத் தலைகீழாக நிறுத்தினோம். இருமல் மருந்து அடர்சிவப்பு நிறம், ஒரு சொட்டு கசிந்தாலும் தாளில் தெரியும். இரண்டு வாரம் அவை அங்கே நின்றன. நடுக்கை அந்தப் பக்கமே வரவில்லை. நாத்தனார்தான் தினமும் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போவார்.

அந்த வாரம் நடைபாதையில் சிவப்பு மூன்று பெட்டி. அதற்கடுத்த வாரம் இரண்டு.

ஆகஸ்ட் 7 அன்று மேனேஜர் முன்னிலையில் புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தோம். ஆளுக்கொரு வரிசை. தாள் வெள்ளையாக இருந்தது. கடைசிப் புட்டி வரை வெள்ளை. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பார்த்தேன், கறை இல்லை. இருபத்தேழு கிலோ போதுமானதாக இருந்திருக்கிறது. ஒழுகாமல் நிறுத்தவும் போதும், காய்ச்சல்காரர் கைக்கும் எட்டும். அந்த அளவு எத்தனையோ வருடமாக, மாதத்துக்கு ஒரு முறை, ஜன்னலோர நாற்காலிக்கே வந்துபோய்க்கொண்டிருந்திருக்கிறது.

நடுக்கையைக் கூப்பிட்டுக் காட்டினேன். வாசலிலேயே நின்று தாளைப் பார்த்தார். வலது கையை விரித்து, உள்ளங்கையையும் புறங்கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல.

"இத்தனை நாள் இதை வச்சுக்கிட்டுத்தான் பாத்திரம் தேய்ச்சிருக்கேன்," என்றார்.

தலைமை அலுவலகத்துக்கு எல்லாத் தாள்களும் போயின. அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டுமே என்ற கவலை எங்கள் எல்லோருக்கும் இருந்தது. நடுக்கை தினமும் எட்டரைக்கு வந்து, புட்டியை எடுத்து, திருகி, சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

பதில் அவர் பெயருக்கே வந்தது. மேசையில் புட்டி பாதியில் நிற்க, என்னைப் படிக்கச் சொன்னார். மே 9 கடிதம் ரத்து. 'தீர்ப்பு நிலையாக இல்லை' என்ற வரி அவருடைய கோப்பிலிருந்து நீக்கம். பதவியில் மாற்றம் இல்லை. இனி எங்கள் மிஷினின் இறுக்கத்தை, நடுக்கை அவர்களின் பிடி மிகக் குறைவாக இருக்கும் நாளில், அவரே தேதி சொல்ல, அவர் முன்னிலையில் வைக்க வேண்டும்.

"தேதியை நானே சொல்லணுமாமா?" என்று கேட்டார்.

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"எங்க வீட்டுக்காரர் கிட்ட கேட்டுச் சொல்றேன்னு பதில் போட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட புட்டியை எடுத்துத் திருகினார். திறந்தது. பச்சைச் சீட்டை ஒட்டினார்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 23, வியாழக்கிழமை.